ஃபித்தாவின் ஏழு வரிக் காகிதம்

எங்கள் ஊரில் யாருக்காவது காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், அவர் முதலில் ஓடுவது வக்கீலிடம் அல்ல, ஃபித்தாவின் ஜெராக்ஸ் கடைக்கு. வக்கீல் கரக் நகரத்தில் இருக்கிறார். பேருந்து பிடிக்க வேண்டும், வாயைத் திறந்தாலே தினார் கேட்பார். ஃபித்தா நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறாள். தேநீரும் கொடுப்பாள், திட்டும் கொடுப்பாள். இரண்டில் தேநீருக்கு மட்டும்தான் காசு.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு காஸ் அடுப்பு, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. பொய் சொல்கிறவர்களை ஃபித்தா அந்த நாற்காலியில்தான் உட்கார வைப்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததே இல்லை.

வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரே மகன் ஃபலாஹ், ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். அதனால் ஊர் அவளை உம்மு ஃபலாஹ், அதாவது ஃபலாஹின் அம்மா, என்றே கூப்பிடும். ஃபித்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவள் புருஷன்தான். நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன், அவள் காதில் விழாதவரைக்கும் சரி.

இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஏட்டு ஸுவைலிம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் உள்ளே மேலதிகாரி வந்திருக்கிறார். ஆறு தேநீர் கேட்டால் விசாரணை, பத்து கேட்டால் சமாதானம். வெள்ளை வேன் பின்பக்கமாக வந்து நின்றால் யாரையோ கரக்குக்கு அனுப்புகிறார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அரசு வக்கீல் மேட்டுத் தெரு நீதிமன்றத்தை விட்டுக் கிளம்பினால் வார விடுமுறை முடிந்து ஞாயிறு காலைதான் திரும்புவார். அதற்குள் அவர் கையெழுத்து விழாத ஆசாமி, வெள்ளியும் சனியும் உள்ளே கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஃபித்தாவிடம் இருந்தது.

நாளுக்கு நாலு பேருக்கு ஒரே பாட்டைப் பாடித் தொண்டை கட்டிப்போனதால், எட்டு வருடத்துக்கு முன் ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியைப் பிடித்து உட்கார வைத்து, ஏழு வரி சொல்லி எழுத வைத்தாள். அடையாள அட்டை நகலெடுக்க வருகிறவர்கள் கையிலெல்லாம் அதில் ஒன்றைத் திணிக்க ஆரம்பித்தாள். ‘சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, குற்றம் சாட்டிக் கூப்பிடுகிறீர்களா என்று முதலில் கேள்’ என்று அது தொடங்கும். கூப்பிடுகிறவர் பெயரையும் ஃபைல் நம்பரையும் கேட்டுக்கொள், வீட்டில் சொல்லிவிட்டுப் போ, மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கேட்டு விழுங்கு, தெரியாததற்குத் தெரியாது என்றே சொல் என்றெல்லாம் போகும். ஆறாவது வரி, வாயால் சொன்ன மன்னிப்பு ஃபைலில் ஏறாது, எழுதி வாங்கு என்பது. ஏழாவது, முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. அந்தக் கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரட்டைக் கோடு.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். ஃபித்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் வெள்ளாடுகளின் பின்னால் போனாள், அவ்வளவுதான். காகிதங்களை அவள் முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வாள். மேலே கிரீடமும் கீழே நீல முத்திரையும் இருந்தால் சம்மன். இரண்டு முத்திரை இருந்தால் நீதிமன்றம். பச்சை ஓரம் இருந்தால் ஆஸ்பத்திரி. யாராவது, “இதுல என்ன போட்டிருக்கு உம்மு ஃபலாஹ்?” என்று நீட்டினால் கையில் வாங்கவே மாட்டாள்.

“நீயே சத்தமா வாசி. நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு நான் பாக்கணும்.”

அவர்கள் வாசிப்பார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்பாள், பிறகு புத்தி சொல்வாள். ஊர் இதைப் பெரிய சாமர்த்தியம் என்று மெச்சியது. பெற்ற மகனுக்குக்கூட உண்மை தெரியாது.

ஒரே ஒரு தடவை இந்த வித்தை சொதப்பியது. போன குளிர்காலத்தில் ஆட்டுக்கார மிக்லித் ஒரு காகிதத்தோடு வந்தார். அவரிடமும், நீயே சத்தமா வாசி என்றாள். மனிதர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கிப் பையைத் தடவினார். “கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்” என்று முணுமுணுத்துவிட்டு, எதிரே போய்க் கட்டைவிரலை உருட்டி வைத்துவிட்டு வந்தார். யாரோ உடைத்த வேலியை ‘நான்தான் உடைத்தேன், இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று ஒப்புக்கொண்ட காகிதம் அது. அன்றிலிருந்து வியாழன்தோறும் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து நிலையத்துப் புத்தகத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதாயிற்று.

மிக்லித் பிறந்ததிலிருந்து கண்ணாடி போட்டதே இல்லை. ஃபித்தாவுக்கு அது அப்போதே தெரியும். அதே கண்ணாடியைத்தான் அவளும் இருபத்திரண்டு வருடமாக வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், மை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறொரு வியாழக்கிழமையைப் பற்றி. காலை ஒன்பது மணிக்கு ஏட்டு ஸுவைலிம் தெருவைக் கடந்து வந்தார். தொப்பி கையில் இருந்தது.

“மேலதிகாரி வந்திருக்காரா? எத்தனை டீ?” என்றாள் ஃபித்தா.

“டீ வேணாம்.”

“பின்ன எதுக்குத் தொப்பியப் பிச்சைப் பாத்திரம் மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கிற?”

ஸுவைலிம் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். பதினைந்து வருடமாக அவள் கையால் தேநீர் குடித்தவர். “உங்களத்தான் கூப்பிட வந்தேன், உம்மு ஃபலாஹ்.”

ஃபித்தா அடுப்பை அணைத்தாள். “சாட்சியாவா, குத்தம் சாட்டியா?”

“அந்த மொத வரிய எங்கிட்டயே சொல்றீங்களே!”

“உங்கிட்ட கேக்காம உன் மாமியார்கிட்டயா போய்க் கேப்பேன்? சொல்லுடா.”

“குத்தம் சாட்டித்தான். அபூ முத்லக் கால் விஷயம்.”

அபூ முத்லக் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் முப்பது வருடம் பாங்கு சொன்னவர். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது, காதுதான் போய்விட்டது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து, உப்பை எடு என்பதைக்கூட மூன்று தெருவுக்குச் சொல்வார். செவ்வாய்க்கிழமை ஃபித்தா தன் சின்ன பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஹாரன் அடித்தாள். அவர் பாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். கணுக்கால் எலும்பில் கீறல் விழுந்தது. அவளே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், கூடவே இருந்தாள், மறுநாள் கோழி வதக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கிழவர், “மன்னிச்சிட்டேன் போ!” என்று கத்தினார். வார்டு முழுக்கக் கேட்டது.

வார்டுக்குக் கேட்டது, ஃபைலுக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் பச்சை ஓரத்தோடு நேராக நிலையத்துக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் ஆறாவது வரியைச் சொன்னவள் தன் விஷயத்தில் அதைக் கோட்டை விட்டுவிட்டாள்.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஃபித்தா. உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஃபலாஹுக்குப் பெண் கேட்க தஃபீலா ஊருக்குப் பெரியவர்கள் கூட்டமாகக் கிளம்புகிற நாள். எட்டு மாதம் நடையாய் நடந்து அவள் சேர்த்துவைத்த சம்பந்தம். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் செருப்பு எந்தக் கால் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற ரகம். மாப்பிள்ளையின் அம்மா லாக்கப்பில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் காபிக் கெண்டியே அடுப்பில் ஏறாது.

“மூணு மணிக்குள்ள வெளிய வந்துடணும்டா ஸுவைலிம்” என்றாள். கடையைப் பூட்டினாள், பக்கத்துக் கடையில் சொன்னாள், இரத்தக் கொதிப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டாள். இதில் எந்த வரியும் விடுபடவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசற்படியில் கால் வைத்தாள். உள்ளே போனதும் ஒரு பெரிய அவமானம் காத்திருந்தது. ‘வலப்பக்கம் மூணாவது கதவு, அதான் புகார் ரூம்’ என்று ஊருக்கே வழி சொல்லி அனுப்பியவள் அவள். அந்தக் கதவைத் திறந்தாள். கழிப்பறை.

“ஓ, அதான் வர்றவங்க எல்லாம் நேரா அங்க போய் நின்னு சலாம் சொல்றாங்களா!” என்றார் ஸுவைலிம். “நாங்களும் ஊருக்கே வயிறு சரியில்லைனுல்ல நினைச்சோம்!”

நிலைய அதிகாரி கைஸ் வடக்கே இர்பித் நகரத்துப் பக்கத்துப் பையன். வந்து ஆறு மாதம். சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபித்தா நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.

“உங்க பேரு என்னய்யா?”

கைஸ் பேனாவை வைத்தார். “பெரியம்மா, அடுத்து ஃபைல் நம்பர் கேப்பீங்க. அப்புறம் தண்ணி கேப்பீங்க. ஆறு மாசமா இந்த ஊர்ல ஆடு திருடினவன்லேருந்து சாட்சி சொல்ல வந்தவன் வரைக்கும் எல்லாரும் ஒரே கேள்விய அதே வரிசையில கேக்கறாங்க. ஏதோ பெரிய வக்கீல் கூட்டம் பின்னால இருக்குன்னு நான் கரக்குக்கே எழுதிட்டேன். யாரு அந்தக் காகிதத்த அச்சடிக்கிறது?”

“நான்தான்.”

கைஸ் ஸுவைலிமைப் பார்த்தார். ஸுவைலிம் கூரையைப் பார்த்தார்.

“ஏன்யா, உனக்குத் தெரியுமா இது?”

“டீ நல்லாருக்கும் ஐயா” என்றார் ஸுவைலிம், பரிதாபமாக.

கைஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்துக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அபூ முத்லக் தன் புகார் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு ஃபித்தாவின் வாக்குமூலமும் சேர்ந்து மூன்று மணிக்குள் அரசு வக்கீல் மேஜைக்குப் போக வேண்டும். போனால் வீட்டுக்கு, போகாவிட்டால் ஞாயிறு வரை இங்கே.

“அவருதான் மன்னிச்சிட்டாரேய்யா!”

“ஃபோன் பண்ணிக் கேட்டேன் பெரியம்மா. ‘ஆஸ்பத்திரியில மன்னிச்சது நான், என் குலம் மன்னிக்கல’ன்னாரு. ஃபோன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும். உங்க பெரியவங்க வீட்டுக்கு வந்து முறையாக் கேக்கணுமாம்.”

அதுவும் நியாயம்தான். கால் அவருடையது என்றாலும் மானம் குலத்துடையது. ஃபித்தா உடனே தன் கொழுந்தன் அபூ ஜாஸிக்கு ஃபோன் போட்டாள். அவர் பத்துப் பெரியவர்களைத் திரட்டி, தலைத்துணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினார். ஃபித்தா கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பெஞ்சின் மறுகோடியில் மிக்லித் இருந்தார். வியாழக்கிழமை ஆயிற்றே, கைநாட்டு வைத்துவிட்டு ஊர் திரும்ப வண்டிக்குக் காத்திருந்தார். இங்கே இயந்திரம் இல்லை, தலையை விட்டுக்கொள்ள இடமில்லை. ஃபித்தா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்லித் மடியிலிருந்து ரொட்டியை எடுத்து, பாலாடைக்கட்டியோடு பாதியைக் கிழித்து நீட்டினார்.

“சாப்பிடுங்க உம்மு ஃபலாஹ். இங்க உக்காந்தா பசிக்கும். எனக்குப் பழகிப்போச்சு.”

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஃபித்தாவுக்கு. ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ஃபோன் அடித்தது. அபூ ஜாஸி.

“என்னாச்சு? குடுத்துட்டாரா?”

“ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு அண்ணி.”

“என்ன தப்பு?”

“காபியக் குடிச்சிட்டேன்.”

ஃபித்தா கண்ணை மூடினாள். பெரியவர்கள் ஒரு காரியம் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால், ஊற்றிய காபியைத் தொடாமல் கீழே வைக்க வேண்டும். வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘கேட்டது கிடைத்தது, காபியைக் குடியுங்கள்’ என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே கிண்ணம் உதட்டுக்குப் போகலாம். கேட்கும் முன் குடித்தால், கேட்க ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

“உமக்கு அறுபத்து மூணு வயசாச்சு!” என்று பல்லைக் கடித்தாள் ஃபித்தா.

“ராத்திரி தூக்கமில்ல அண்ணி. ஏலக்காய் வாசனை வேற மூக்கத் துளைச்சுது. கை தானாப் போயிடுச்சு. நான் குடிச்சதப் பாத்துட்டு மத்த பத்துப் பேரும், ஓ, முடிஞ்சுபோச்சு போலன்னு குடிச்சிட்டானுங்க.”

“இப்ப அவரு என்ன சொல்றாரு?”

“‘நல்லது, வந்தீங்க, குடிச்சீங்க, சந்தோஷம்’ங்கறாரு. விருந்தாளிய விருந்தாளியாத்தான் பாப்பாராம். எதாவது கேக்கணும்னா எழுந்து வீட்டுக்குப் போயி, திரும்பக் கிளம்பி, மொதல்லேருந்து வரணுமாம். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினோம், செல்லாதுன்னுட்டாரு.”

“ஓடும்! நிக்காதீர், ஓடும்! இந்தத் தடவை கையப் பின்னால கட்டிக்கிட்டு உக்காரும்!”

பதினோரு பெரியவர்கள் தலைத்துணி பறக்க ஊரின் மறுகோடிக்குப் போய், மூச்சு வாங்கிவிட்டு, திரும்பப் புறப்பட்டு வந்ததை அன்று ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டாவது தடவை அபூ ஜாஸி கிண்ணத்தை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாராம்.

கூடத்துக் கடிகாரத்தில் எண் படிக்க ஃபித்தாவுக்குத் தெரியும். ஒன்றரை, இரண்டு, இரண்டேகால். மகன் ஃபோன் செய்தான். “கடையிலதான் இருக்கேன்டா” என்று வாய் கூசாமல் சொன்னாள். கால் சரியில்லாத அந்த நாற்காலி நல்ல வேளை அங்கே இல்லை.

இரண்டரைக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. “எங்கடா அந்தப் பொம்பளை? எங்க கையெழுத்துப் போடணும்?” அபூ முத்லக் ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். பின்னால் அபூ ஜாஸி வெற்றி வீரர் மாதிரி வந்தார். கிழவர் தன் காகிதத்தை இரண்டு தடவை படித்து, பொடி எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்து, கையெழுத்துப் போட்டார். பாதி வேலை முடிந்தது.

மீதி பாதி ஃபித்தாவின் வாக்குமூலம். அவள் காலையில் சொன்னதை ஸுவைலிம் இரண்டு விரலால் தட்டி அச்செடுத்து வைத்திருந்தார். மேஜைமேல் வைத்துப் பேனாவை நீட்டினார். உள்ளே கைஸ் அரசு வக்கீலிடம் ஃபோனில், “பத்தே நிமிஷம் ஐயா, கார் சாவிய மேஜையில வைங்க ஐயா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“போடுங்க உம்மு ஃபலாஹ், நேரமாச்சு” என்றார் ஸுவைலிம்.

ஃபித்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவளைப் பொறுத்தவரை அது எழுத்தல்ல, ஒரு படம். புருஷன் ஒரு காலத்தில் போட்டுக் காட்டியதைப் பார்த்துப் பழகியது. பேனாவை வாங்கிவிட்டாள். கறுப்புக் கறுப்பாக முக்கால் பக்கம். மேலே கிரீடம் இருந்தது. மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. போட்டுவிட்டால் வீடு, நாளைக்கு தஃபீலா, மருமகள். ஸுவைலிம் நல்லவன், தப்பாகவா எழுதியிருப்பான்?

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. பெஞ்சில் மிக்லித் உட்கார்ந்திருந்தார். கையில் ரொட்டித் துணுக்கு ஒட்டிய கட்டைவிரல்.

ஃபித்தா பேனாவை வைத்துவிட்டாள். ஸுவைலிமிடம் கேட்க முடியாது. எழுதினவன் வாசித்தால் எழுதியதை வாசிக்கமாட்டான், எழுத நினைத்ததை வாசிப்பான். இத்தனை வருடத்தில் அவள் கண்ட உண்மை அது. அபூ ஜாஸி? கையை அடக்கத் தெரியாத ஆள், கண்ணை எப்படி நம்புவது? மேஜைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற ஒரே ஆள் இருந்தார். அவர் காலைத்தான் அவள் உடைத்திருந்தாள்.

“அபூ முத்லக்” என்றாள் மெதுவாக. “எனக்கு வாசிக்கத் தெரியாது. இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

“என்ன?”

“எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“என்னது? சத்தமாச் சொல்லு!”

இருபத்திரண்டு வருடமாக மனசுக்குள் பூட்டிவைத்ததை ஒரு தடவை முணுமுணுக்கவே உயிர் போய்விட்டது. ஃபித்தா எழுந்து நின்றாள். முகம் சிவந்து, கண் கலங்கி, கூடம் அதிரக் கத்தினாள்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா! ஒரு எழுத்து தெரியாது! வாசிச்சுச் சொல்லுங்க!”

பக்கத்து மேஜையில் தட்டச்சு நின்றது. கைஸ் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். அபூ ஜாஸியின் வாய் திறந்தபடி நின்றது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அபூ முத்லக் மட்டும் அசரவில்லை.

“அவ்வளவுதானே? அதுக்கு ஏன் கத்துற?” என்றார். காகிதத்தை எடுத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார்.

“‘மேற்படி ஃபித்தா ஆகிய நான், தொழில் தண்ணி லாரி ஓட்டுதல்...’”

“என்ன லாரி?” என்றாள் ஃபித்தா.

“‘...எனக்கு இரண்டு மனைவியர், ஒன்பது பிள்ளைகள்...’”

கூடம் வெடித்துச் சிரித்தது. “அண்ணி, சொல்லவே இல்ல!” என்றார் அபூ ஜாஸி. ஸுவைலிமின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. போன மாதத்து ஃபைலைத் திறந்து, அதன்மேலேயே பெயரை மாற்றித் தட்டுவது அவர் வழக்கம். பாதி மாற்றினார், பாதியை மறந்துவிட்டார்.

“சும்மா இருங்கப்பா, இன்னும் இருக்கு” என்று கத்தினார் அபூ முத்லக். “‘...முதியவர் கீழே விழுந்ததைக் கண்டும், பயத்தினால் வண்டியை நிறுத்தாமல் தப்பி ஓடினேன்.’”

சிரிப்பு பட்டென்று நின்றது. கைஸ் எழுந்து வந்தார். அடித்துவிட்டு நிறுத்தாமல் போனவர் என்றால், யார் மன்னித்தாலும் அரசு வக்கீல் விடமாட்டார். அது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஃபித்தாவுக்கு நன்றாகவே தெரியும்.

“தப்பி ஓடினாளா? பொய்!” அபூ முத்லக் ஊன்றுகோலால் தரையில் தட்டினார். “என்னைத் தூக்கிக்கிட்டுப் போனா! கோழி கொண்டுவந்தா! உப்பு மட்டும் கம்மி!”

“ஸுவைலிம்” என்றார் கைஸ், மிக அமைதியாக. அந்த அமைதிக்குப் பயந்து ஸுவைலிம் அந்த இரண்டு விரலோடு இன்னும் எட்டைச் சேர்த்துக்கொண்டு தட்டினார். ஐந்து நிமிடத்தில் புதுக் காகிதம் வந்தது. அபூ முத்லக் வாசித்தார், ஃபித்தா கண்ணை மூடிக் கேட்டாள், ‘சரி’ என்றாள், தன் படத்தை வரைந்தாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஸுவைலிம் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொந்தி குலுங்க, மேட்டுத் தெருவில் ஓடினார். பதினைந்து வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃபோன் வந்தது. “போட்டுட்டாருய்யா... கையெழுத்து...” அதற்கு மேல் மூச்சுதான் கேட்டது.

“போங்க பெரியம்மா. கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க” என்றார் கைஸ். “அந்தக் காகிதத்துல ஒரு நூறு எடுத்து இங்கயும் குடுங்க. எட்டாவதா ஒரு வரி சேத்துக்கங்க.”

“என்ன வரின்னு எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாட்டி வெக்கப்படாமச் சொல்லு, அதானே?” என்றாள் ஃபித்தா.

அவள் வாசலுக்குத் திரும்பியபோது, மிக்லித் பெஞ்சிலிருந்து எழுந்து மேஜைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அங்கியின் உட்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பு அழுக்கேறி இற்றுப்போயிருந்தது. ஃபித்தாவைப் பார்த்தார். பிறகு அபூ முத்லக்கிடம் நீட்டினார்.

“எனக்கும் தெரியாது” என்றார். ஒரே தடவையில், சத்தமாக. “மூணு மாசம் முன்னால இங்க குடுத்தாங்க. என்ன எழவு எழுதியிருக்கோன்னு பயந்துக்கிட்டு பிரிக்கவே இல்ல.”

அபூ முத்லக் வாசித்தார். வேலி வழக்கில் புகார் கொடுத்தவரே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மிக்லித் என்பவர் இனி நிலையத்துக்கு வந்து கைநாட்டு வைக்கத் தேவையில்லை. தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.

யாரும் சிரிக்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்த ஸுவைலிம் வாசலிலேயே நின்றார். “அவரு வியாழக்கிழமை தவறாம வந்தாரு” என்றார், அழுகிற குரலில். “நானும் புத்தகத்த நீட்டினேன்.”

மிக்லித் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். மைக்கறை இன்னும் போகவில்லை. பன்னிரண்டு வியாழக்கிழமைகள், வருகிற வழியும் போகிற வழியும். “அப்ப அடுத்த வியாழக்கிழமை நான் வரவேண்டாமா?” என்று பொதுவாகக் கேட்டார், நம்பிக்கை இல்லாதவர் போல.

ஃபித்தா அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, அவர் பையில் வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வாங்க” என்றாள். “எதிர்ல, என் கடைக்கு வாங்க. அந்தப் பள்ளிக்கூட டீச்சர வரச் சொல்றேன். நீங்களும் நானும் மொதல் எழுத்துலேருந்து ஆரம்பிப்போம்.”